அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் இரத்த உறைவு: தடுக்கும் வழிகளும் ஊசி மருந்து பற்றிய ஐயமும்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடைபெற்ற மருத்துவ விளக்க அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

நம் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அறுவை சிகிச்சை என்பது இன்று அரிய நிகழ்ச்சி அன்று. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது. நாமக்கல்லிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தினால், செல்வந்தர்க்கு மட்டுமே என்றிருந்த பெரிய அறுவைகளும் தறி ஓட்டுபவர் இல்லத்திற்கும் லாரி ஓட்டுபவர் இல்லத்திற்கும் எட்டியிருக்கின்றன. இது நன்றி செலுத்த வேண்டிய முன்னேற்றம்.

ஆயினும் ஒன்றை நாம் கவனிக்கிறோம். அறுவைக் கூடத்தின் வாயிலில் காத்து நிற்கும் உறவினர், மருத்துவர் வெளியே வந்தவுடன், "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா?" என்று கேட்கின்றனர். "முடிந்தது" என்றதும் நிம்மதி அடைகின்றனர். "இவருக்கு இரத்தம் உறைந்து போகாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்? எத்தனை நாளைக்கு?" என்னும் அடுத்த வினாவைக் கேட்போர் மிகச் சிலரே. அந்த வினாவை நம் மஹல்லாவின் ஒவ்வொரு குடும்பமும் கேட்கப் பழக வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

உறைகட்டி எவ்வாறு உண்டாகிறது?

காயம் பட்டால் இரத்தம் உறைவது இறைவன் நம் உடலில் வைத்துள்ள பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பே இடம் மாறி, காலின் ஆழத்தில் உள்ள சிரைகளுக்குள் நிகழுமாயின் ஆபத்தாகிறது. 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவ மேதை ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் இதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன: இரத்த ஓட்டம் தேங்குதல், இரத்தக் குழாயின் உட்சுவர் சிதைதல், இரத்தத்தின் உறையும் தன்மை மிகுதல். அறுவை சிகிச்சை இம்மூன்றையும் ஒருங்கே கொண்டுவருகிறது. நோயாளி அசையாமல் கிடக்கிறார், திசுக்கள் வெட்டப்படுகின்றன, உடல் காயத்தை ஆற்றுவதற்காக உறையும் பொருள்களை மிகுதியாகச் சுரக்கிறது.

ஜேடர்பாளையத்திலிருந்து வரும் ராஜவாய்க்காலை நீங்கள் அறிவீர்கள். தண்ணீர் ஓடுகின்ற வரை தெளிவாக இருக்கும். மடையை அடைத்துவிட்டால் தேங்கிய இடத்தில் பாசி பிடிக்கும். கெண்டைக்கால் தசைகள் இயங்கும்போதுதான் காலின் இரத்தம் இதயத்தை நோக்கி மேலேறுகிறது. அவை ஓய்ந்துவிட்டால் இரத்தம் தேங்கி உறைகிறது. அவ்வாறு உறைந்த கட்டியின் ஒரு துண்டு பிரிந்து, இதயத்தின் வழியாகச் சென்று நுரையீரலின் குழாயை அடைத்துவிட்டால், சில நிமிடங்களிலேயே உயிர் பிரியவும் கூடும்.

மூன்றாம் வாரத்தின் ஆபத்து

பலர் நினைப்பதுபோல் இந்த ஆபத்து மருத்துவமனைக் கட்டிலோடு முடிந்துவிடுவதில்லை. பிரிட்டனில் ஏறத்தாழ 9 இலட்சத்து 47 ஆயிரம் நடுவயதுப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. மருத்துவமனையில் தங்கி அறுவை செய்துகொண்டவர்களுக்கு முதல் 6 வாரங்களில் உறைகட்டி வரும் வாய்ப்பு, அறுவையே செய்யாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 70 மடங்கு இருந்தது. அது உச்சத்தை எட்டியது மூன்றாம் வாரத்தில்! 12 வாரங்கள் வரையிலும் அது இயல்பு நிலைக்குத் திரும்பவில்லை. அந்த 12 வாரங்களுக்குள் உறைகட்டியோடு மருத்துவமனைக்குத் திரும்பியவர்கள், எல்லா அறுவைகளையும் சேர்த்துப் பார்த்தால் 140 பேரில் ஒருவர். புற்றுநோய் அறுவைக்குப் பின் 85 பேரில் ஒருவர். இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றத்திற்குப் பின் 45 பேரில் ஒருவர்.

மூன்றாம் வாரம் என்பது யாது? தையல் பிரித்து, வீடு திரும்பி, உறவினர் பழங்களோடு நலம் விசாரிக்க வரும் வாரம். "இனி ஒன்றும் இல்லை" என்று மருந்தை நிறுத்திவிடும் வாரமும் அதுவே.

"நமக்கெல்லாம் வராது" என்னும் எண்ணம்

இது வெள்ளையர்களின் நோய், நம் நாட்டினருக்கு வராது என்னும் எண்ணம் மருத்துவர்களிடையேயும் நெடுநாள் இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 1996 முதல் 2005 வரையிலான தங்கள் பதிவுகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டனர். அங்கே அனுமதிக்கப்பட்ட 10,000 பேரில் ஏறக்குறைய 17 பேருக்கு ஆழ்சிரை உறைகட்டி உறுதி செய்யப்பட்டிருந்தது. அவர்களில் புற்றுநோயாளிகளும் பிரசவித்த தாய்மார்களும் கணிசமாக இருந்தனர். ஆகவே நம் தமிழ்நாட்டிலும் இந்நோய் உண்டு என்பதில் ஐயமில்லை.

தடுப்பு முறை எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? 32 நாடுகளில் நடந்த ஓர் உலகளாவிய ஆய்வின் இந்தியப் பகுதியில் 10 மருத்துவமனைகள் இடம்பெற்றன. உறைகட்டி ஆபத்து உள்ளவர்கள் என்று கணிக்கப்பட்ட அறுவை நோயாளிகளில் உரிய தடுப்பு முறை கிடைத்தது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கே. உலக அளவில் அது பாதிக்கும் மேல்.

அந்தத் தடுப்பு முறையை உலகுக்கு நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் இந்திய வம்சாவளியினரான அறுவை மருத்துவர் விஜய் கக்கர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. இலண்டனில் பணியாற்றிய அவரது தலைமையில் பல நாடுகளில் நடந்த ஆய்வு 1975-இல் வெளியாயிற்று. அறுவைக்கு உள்ளான 4,121 பேரில் ஒரு பாதியினருக்குக் குறைந்த அளவு ஹெப்பாரின் ஊசி போடப்பட்டது, மறுபாதியினருக்குப் போடப்படவில்லை. ஊசி போடாத பிரிவில் நுரையீரல் அடைப்பால் இறந்தவர் 16 பேர். போட்ட பிரிவில் 2 பேர் மட்டுமே.

ஆளுக்கு ஆள் வேறுபடும் தடுப்பு

எல்லோருக்கும் ஒரே மருந்து என்று இங்கே சொல்ல முடியாது. உறைவைத் தடுக்கும் மருந்து இரத்தக் கசிவையும் உண்டாக்க வல்லது. ஆதலால் மருத்துவர் வயது, எடை, நோய், அறுவையின் தன்மை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, இரு பக்கத்தையும் தராசில் நிறுத்திப் பார்க்கிறார். கண்புரை, கத்னா போன்ற சிறு அறுவைகளுக்கு மருந்து தேவைப்படுவதில்லை. சிறுவர்களுக்கு இந்நோய் வருவது அரிது. நலமான இளைஞர் சிறு அறுவை முடிந்த அன்றே எழுந்து நடந்தால் பெரும்பாலும் அதுவே போதும். மற்றவர்களைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, முதியவர்கள். ஒளுச் செய்யுமிடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள், மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் ஆகியோருக்கே ஆபத்து மிகுதி. மருத்துவமனையை விட்டு வந்து, நாட்டுக் கட்டுப் போட்டுப் பல வாரங்கள் படுக்கையில் கிடத்துவது இவர்களுக்கு மிகுந்த கேடு. கூடிய விரைவில் அறுவை செய்து, கூடிய விரைவில் நடக்க வைப்பதே முதல் மருந்து. தடுப்பு மருந்தை முழங்கால் மாற்றத்திற்குப் பின் பொதுவாக 10 முதல் 14 நாள்களும், இடுப்பு மாற்றத்திற்குப் பின் 35 நாள்கள் வரையிலும் கொடுப்பது வழக்கம்.

இரண்டாவது, விபத்தில் சிக்கியவர்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என லாரியும் ரிக் வண்டியும் வாழ்வளிக்கும் ஊர்கள் நம்முடையவை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கிறது. ஆனால் உறைகட்டியின் ஆபத்து அந்த 48 மணி நேரத்தோடு முடிவதில்லை. தலையில் இரத்தக் கசிவு உள்ளவருக்கு உடனே ஊசி போட இயலாது. அவருக்குக் காற்றுப் பையால் காலை விட்டு விட்டு அழுத்தும் கருவியே முதலில் துணை. கசிவு நின்றது உறுதியான பின்னரே மருந்து.

மூன்றாவது, சிசேரியன் செய்துகொண்ட தாய்மார்கள். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். கர்ப்பக் காலத்திலேயே இரத்தத்தின் உறையும் தன்மை கூடிவிடுகிறது. பிரசவத்திற்குப் பின்னும் 6 வாரம் வரை நீடிக்கிறது. வலி கண்ட பின் சிசேரியன் செய்யப்பட்டவர்களுக்கு 10 நாள்கள் தடுப்பு ஊசியைப் பரிசீலிக்குமாறும், ஆபத்து மிகுந்தவர்களுக்கு 6 வாரம் வரை தொடருமாறும் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கழகம் வழிகாட்டுகிறது.

இங்கே நம் இல்லங்களின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாற்பது நாள் முடியும் வரை பிள்ளை பெற்றவளை எழவிடாமல் வைப்பதும், வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரைக் குறைப்பதும் இன்னும் இருக்கின்றன. நம் சமவெளியின் சித்திரை வெயிலில் தண்ணீரும் இன்றி, நடமாட்டமும் இன்றி இருந்தால் இரத்தம் உறைய வேறென்ன வேண்டும்? கர்ப்பக் காலத்திலும் பிரசவத்திற்குப் பின்னும் மூளையின் இரத்தக் குழாய்களில் உறைவு ஏற்பட்ட 135 பேரைப் பற்றி மதுரை நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் 1983-இலேயே எழுதியிருக்கிறார். ஓய்வு என்பது வேலைச் சுமையிலிருந்து விடுதலை, படுத்தே கிடப்பதன்று. தாய் தாராளமாக நீர் அருந்தட்டும், வீட்டிற்குள்ளாவது நடக்கட்டும்.

நான்காவது, புற்றுநோய்க்காக வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள். புற்றுநோயே இரத்தத்தை உறையத் தூண்டுவது. 2002-இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு வாரம் மட்டும் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 12 சதவீதத்தினருக்கு உறைகட்டி கண்டது. நான்கு வாரம் போட்டுக்கொண்டவர்களில் 4.8 சதவீதத்தினருக்கே கண்டது. வீட்டிற்கு வந்த பின்னும் ஊசியைத் தொடரச் சொல்வதன் காரணம் இதுவே. மருத்துவமனை வருவாய்க்காகச் சொல்வதாக எண்ணி நிறுத்திவிடலாகாது.

ஐந்தாவது, உடன் வேறு நோய் உடையவர்கள். சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் சில ஊசி மருந்துகள் வெளியேறாமல் தங்கிக் கசிவை உண்டாக்கும். அவர்களுக்கு மருந்தையோ அளவையோ மாற்ற வேண்டும். உடல் எடை மிகுந்தவர்களுக்கு அளவு போதாமல் போகலாம். நீரிழிவாலோ புகைப் பழக்கத்தாலோ கால் தமனிகள் அடைபட்டவர்களுக்கு இறுக்கமான காலுறை தீங்கு செய்யும். ஹஜ், உம்ரா, திருமணம் ஆகியவற்றை ஒட்டி மாதவிலக்கைத் தள்ளிப்போட ஹார்மோன் மாத்திரை உட்கொள்ளும் சகோதரிகளும், கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்களும் அதை அறுவைக்கு முன் மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.

ஊசி மருந்தின் மூலப்பொருள்

இனி, நம்மிடம் பலர் தனிமையில் கேட்ட வினாவுக்கு வருகிறோம். "இந்த ஊசி பன்றியிலிருந்து எடுப்பதாமே! போட்டுக்கொள்ளலாமா?"

செய்தி உண்மையே. ஹெப்பாரின் முதன்முதலில் 1916-இல் அமெரிக்காவில் நாயின் ஈரலில் கண்டறியப்பட்டது. இன்று உலகில் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. அதைப் பக்குவப்படுத்திப் பெறும் எனாக்ஸாபாரின் என்னும் ஊசியே அறுவை நோயாளிகளுக்கு மிகுதியாகப் போடப்படுகிறது. இதை மறைப்பதில் பயனில்லை. நோயாளிக்கு இதை முன்கூட்டியே சொல்வதே முறை.

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. மருத்துவ விடை முதலில். பலருக்கு மாற்று மருந்துகள் உள்ளன. ஃபோண்டாபாரினக்ஸ் என்னும் ஊசி முற்றிலும் வேதிப்பொருள்களால் ஆக்கப்படுவது. ரிவராக்ஸாபான், அபிக்ஸாபான் ஆகிய மாத்திரைகளின் மருந்துப் பொருளும் அத்தகையதே. மூட்டு மாற்றியவர்களுக்கு இவை நன்கு பயன்படுகின்றன. எலும்பு முறிந்த 12,211 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 90 நாள்களுக்குள் நேர்ந்த மரணத்தைப் பொறுத்தவரை சாதாரண ஆஸ்பிரின் மாத்திரை எனாக்ஸாபாரினுக்குப் பின்தங்கவில்லை. காலில் உறைகட்டி மட்டும் சற்றே மிகுதியாயிருந்தது. ஆனால் மூட்டு மாற்றியவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் பெற்றவர்களில் 3.45 சதவீதத்தினருக்கும், எனாக்ஸாபாரின் பெற்றவர்களில் 1.82 சதவீதத்தினருக்கும் உறைகட்டி கண்டது. ஆகவே ஒருவருக்குப் பொருந்திய மாற்று இன்னொருவருக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது.

சிலருக்கு மாற்று எளிதன்று. பாலூட்டும் தாய்க்கு அந்தப் புதிய மாத்திரைகள் பொதுவாகத் தரப்படுவதில்லை. சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு ஃபோண்டாபாரினக்ஸ் கூடாது. புற்றுநோய் அறுவைக்குப் பின் நீண்ட அனுபவம் உள்ளது ஹெப்பாரின் வகை ஊசிகளுக்கே. ஆக, வினா ஒன்றாயினும், நோயாளிக்கு நோயாளி விடை வேறு.

அடுத்து, மார்க்க விடை. அதைச் சொல்லும் தகுதி மருத்துவத் துறையினரான நமக்கில்லை. அது உலமாக்களுக்கு உரியது. ஆயினும் நடந்ததை எடுத்துரைக்கலாம். முஸ்லிம் உலக லீக்கின் ஃபிக்ஹ் சபை 2003 டிசம்பரில் மக்காவில் கூடிய தன் 17-ஆம் அமர்வில் இதே ஹெப்பாரின் வகை ஊசியைப் பெயர் குறிப்பிட்டு ஆராய்ந்தது. அதற்கு ஈடான அனுமதிக்கப்பட்ட மருந்து இல்லாதபோதோ, மாற்று மருந்தால் சிகிச்சை நீளும்போதோ இதைப் பயன்படுத்தலாம். தேவையின் அளவைத் தாண்டலாகாது. தூய மாற்று உறுதியாகக் கிடைக்குமாயின் அதையே நாட வேண்டும் என்பது அதன் முடிவின் சாரம். ஒரு பொருள் தன் தன்மையே மாறி வேறு பொருளாகிவிட்டால் அதன் சட்டமும் மாறுமா என்னும் 'இஸ்திஹாலா' பற்றியும் அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர்; அதில் கருத்து வேறுபாடும் உண்டு.

எனவே நம் வேண்டுகோள் இதுதான்: இந்த ஐயத்தை அறுவைக்கு முன்பே எழுப்புங்கள். மருத்துவரிடம், "எனக்குப் பொருந்தும் மாற்று மருந்து உண்டா?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை நம் ஆலிம்களிடம் எடுத்துச் சென்று தெளிவு பெறுங்கள். அறுவை முடிந்து மூன்றாம் நாள், யாரோ சொன்னதைக் கேட்டு, மருத்துவருக்கும் தெரிவிக்காமல், ஆலிமிடமும் கேளாமல், ஊசியைத் தாமாக நிறுத்திவிடுவது மட்டும் வேண்டாம். மருந்தும் இன்றி, மாற்றும் இன்றி நிற்கும் நிலை அதுவே. எல்லாவற்றிலும் ஆபத்தானதும் அதுவே.

ரமளான் மாதத்திலும் இவ்வாறே. 12 மணி நேரத்திற்கு ஒரு முறை உட்கொள்ள வேண்டிய மாத்திரையை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் என்று தாமாக நெருக்கிக்கொள்ள வேண்டாம். நாளுக்கு ஒரு முறை மருந்துக்கு மாற்றலாமா என்று மருத்துவரையும், நோயாளிக்குரிய சலுகை பற்றி ஆலிமையும் கேட்டறிக.

இல்லத்தில் செய்ய வேண்டியவை

1. மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து நடக்கவும். படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழுமாக அடிக்கடி அசைக்கவும்.

2. தடை விதிக்கப்பட்டிருந்தாலன்றி, போதிய நீர் அருந்தவும்.

3. மருந்தை எந்தத் தேதி வரை தொடர வேண்டும் என்பதை வீடு திரும்பும் நாளிலேயே எழுதி வாங்கவும்.

4. இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் நீண்ட விமானப் பயணத்தை மூன்று மாதம் வரை தள்ளிப்போடுவது நலம். உம்ராவுக்கு நாள் குறிக்கும் முன் இதை எண்ணிப் பார்க்கவும்.

5. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடேறினால், எண்ணெய் தேய்த்து நீவிவிடவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்லக்கூடும். அன்றே மருத்துவரிடம் சென்று டாப்ளர் ஸ்கேன் எடுக்கவும்.

6. திடீரென மூச்சு முட்டுதல், மூச்சை இழுத்தால் நெஞ்சு வலித்தல், இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவை கண்டால் 108 வாகனத்தை அழைக்கவும். "சில வாரங்களுக்கு முன் அறுவை நடந்தது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லவும்.

சகோதரிகளுக்குத் தனியே ஒரு சொல். காலில் வீக்கம் என்றால் வெட்கப்பட்டு மறைத்துக்கொள்வதும், ஆண் மருத்துவர் என்பதால் தள்ளிப்போடுவதும் நேர்கின்றன. வீட்டில் உள்ள தாயோ மாமியாரோ நாள்தோறும் இரு காலையும் பார்த்து ஒப்பிட்டால் போதும். அது ஓர் உயிரைக் காக்கும்.

ஜமாஅத் நிர்வாகத்திற்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்கு அறுவைச் செலவுக்கு உதவுகிறோம். வீடு திரும்பிய பின் போட வேண்டிய ஊசிகளின் செலவையும் அதில் சேர்த்துக் கொள்ளுங்கள். ஏழை இல்லங்களில் மருந்து பாதியில் நிற்பதற்குப் பணமும் ஒரு காரணம். அறுவை முடிந்த வீட்டிற்கு மூன்றாம் வாரத்தில் ஒருவரை அனுப்பி, "மருந்து தொடர்கிறதா? நடக்கிறாரா? கால் வீங்கியிருக்கிறதா?" என்று விசாரிக்கச் செய்யுங்கள். நோயாளியை நலம் விசாரிப்பது நம்மிடம் என்றும் உள்ள நற்பண்பு. அதை உரிய வாரத்தில், உரிய வினாவோடு செய்வோமாக.

 வல்ல இறைவன் நம் நோயாளிகளுக்கு முழு நலத்தையும், நம் இல்லங்களுக்கு நீடித்த ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.